மூன்றாவது ‘முடியாது’க்குப் பிறகு

புதிதாகச் சந்தைக்கு வந்த சாமான் எதையாவது அவளிடம் காட்டி ஒரு நல்ல வார்த்தை வாங்கிவிடலாம் என்று வந்தவர்கள் எல்லாரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டுதான் திரும்பியிருக்கிறார்கள். தெருவில் அவளுக்கு ‘வேண்டாம் அக்கா’ என்றே பெயர். பேசுகிற விளக்கு வந்தபோது வேண்டாம் என்றாள். போனில் விரல் வைத்தால் திறக்கிற கதவு வந்தபோது, “சார்ஜ் தீர்ந்துபோனா என் வீட்டு வாசல்ல நானே பிச்சைக்காரி மாதிரி நிக்கணுமா?” என்று கேட்டாள். நடக்கிற அடியை எண்ணும் கைக்கடிகாரத்தைப் புருஷன் வாங்கிக்கொண்டு வந்தபோது, “நான் எவ்வளவு நடந்தேன்னு என் காலுக்குத் தெரியும். முன்னப்பின்ன தெரியாத ஒருத்தனுக்கு அது எதுக்குத் தெரியணும்?” என்று சொல்லிப் பெட்டியைப் பிரிக்காமலே திருப்பி அனுப்ப வைத்தாள்.

புருஷன் பஸ் டிப்போவில் டயர் பார்க்கிறவர். புதுசு என்றால் அவருக்கு உயிர். “காலத்தோட ஒட்டிப் போகணும்மா” என்பார். “காலத்தோட ஒட்டலாம். கம்பெனிக்காரனோட எதுக்கு ஒட்டணும்?” என்பாள் இவள். அதற்கு மேல் அவர் வாயைத் திறக்க மாட்டார். இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் எங்கே நிறுத்த வேண்டும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும்.

இவள் ஒன்றும் தெரியாமல் வாய்க்கு வந்ததைப் பேசுகிறவள் இல்லை. வீட்டுச் சாமான் செய்கிற பெரிய கம்பெனி ஒன்றில் பதினோரு வருஷம் புகார் போன் எடுத்தவள். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஃபிரீசர், டிவி என்று எது எந்த மாசத்தில் எந்த இடத்தில் உடையும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். “ஸ்மார்ட்டுன்னு பேர் வச்சதெல்லாம் வாரண்டி முடியற வரைக்கும்தான் ஸ்மார்ட். மறுநாளே அதுக்கு மறதி வந்துரும்” என்பாள். இப்போது வருகிற சந்தா வியாபாரத்தைப் பற்றிக் கேட்டால் இன்னும் மோசம். “காசு கொடுத்து வாங்கி வீட்டுக்குள்ள வச்ச பிறகும் அவன் உள்ள உக்காந்துக்கிட்டு மாசாமாசம் கையை நீட்டுவான். நாற்காலிக்கும் ஒருநாள் சந்தா கேப்பான், பாரு. கட்டலைன்னா ஒரு காலை மடக்கிக்கும்.”

அந்தப் புகார்க் கூடத்தில் மொத்தம் பத்தொன்பது பெண்கள். ஏசியை யார் கூட்டி வைத்தார்களோ, குறைக்கவே தெரியாது. ஆளுக்கொரு சால்வையை நாற்காலி முதுகில் போட்டு வைத்திருப்பார்கள். காதில் மாட்டும் ஹெட்போனின் பஞ்சு எப்போதும் பிய்ந்தே இருக்கும். எந்தப் போன் வந்தாலும் முதலில் ஒரு வாக்கியம் சொல்லியாக வேண்டும்: “இந்த அழைப்பு பயிற்சிக்காகப் பதிவு செய்யப்படுகிறது.” இவள் அதை லட்சம் தடவை சொல்லியிருப்பாள். யாருக்குப் பயிற்சி என்று ஒருத்தியும் கேட்டதில்லை. புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்குப் போட்டுக் காட்டுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். மக்குக் கூட்டம் என்று பின்னால் அவளே தன்னையும் சேர்த்துத் திட்டிக்கொண்டாள்.

ஒவ்வொரு மேசைக்கு முன்னாலும் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். வாரண்டி முடிந்த சாமானுக்கு யாராவது மாற்றுக் கேட்டால் மூன்று தடவை மறுக்க வேண்டும். முதல் தடவை, “வருந்துகிறோம், உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது.” இரண்டாவது, “உங்கள் நிலைமை புரிகிறது, ஆனாலும் விதிமுறை இடம் தராது.” மூன்றாவது, “இதற்கு மேல் எங்களால் எதுவும் செய்ய முடியாது.” பிறகு நன்றி சொல்லி வைத்துவிட வேண்டும்.

கத்துகிறவர்களிடம் இவளும் அப்படியே செய்தாள். கத்துகிறவனுக்குத் தெம்பு இருக்கிறது, அவன் பிழைத்துக்கொள்வான் என்பது அவள் கணக்கு. மூன்றாவது ‘முடியாது’க்குப் பிறகு சத்தமே இல்லாமல் போய்விடுகிறவர்களை மட்டும் அவளால் தாங்க முடியாது. போன் வைக்கப்பட்டிருக்காது, பேச்சும் வராது. மனசுக்குள் பத்து வரை எண்ணுவாள். பத்து வரைக்கும் அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டால், “சரி, விடுங்க, அழாதீங்க. புதுசு அனுப்பி வைக்கிறேன்” என்று சொல்லிவிட்டு, கம்ப்யூட்டரில் ‘வரும்போதே சேதம்’ என்ற பட்டனைத் தட்டிவிடுவாள். அந்தப் பட்டனுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. செலவு லாரிக்காரர்கள் தலையில் போய்விடும். மாசத்துக்கு நாலைந்துதான் என்பதால் யாரும் மோப்பம் பிடிக்கவில்லை. ஜனங்கள் அவளுக்கு அள்ளி அள்ளி நட்சத்திரம் போட்டார்கள். கம்பெனியும் ‘ஆண்டின் சிறந்த குரல்’ என்று மேடையேற்றி ஒரு பரிசு கொடுத்தது. பரிசு என்ன தெரியுமா, பேசுகிற விளக்கு. வழியிலேயே பூக்கடைக்காரியிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஒரு நாள் மத்தியானம் பத்தொன்பது பேரையும் ஒரே அறைக்குள் கூப்பிட்டார்கள். மேலாளர் வந்தார். எதற்கெடுத்தாலும் தலையை ஆட்டுகிற மனுஷன் என்பதால் கூடத்தில் அவருக்குத் ‘தலையாட்டி’ என்று பெயர். “நீங்க எல்லாரும் எங்க குடும்பம். ஆனா நிறுவனம் இப்போ புதுமையை நோக்கி நகருது. இனிமே போனை ஏ.ஐ. எடுக்கும்” என்றார்.

“நாங்க எதை நோக்கி நகரணும் சார்?” என்று இவள் கேட்டாள். அவர் அதற்கும் தலையை ஆட்டினார். நாலு மணிக்குள் மேசையைக் காலி பண்ணச் சொன்னார்கள்.

இவளுடைய சொந்த அக்கா ஐஸ் கடை வைத்திருந்தாள். பால் ஐஸ், பழ ஐஸ், எல்லாம் கடைக்குப் பின்னறையிலேயே காய்ச்சி அச்சில் ஊற்றி உறைய வைப்பது. வேலை போன மறுவாரம் இவளும் அங்கே போய் நின்றாள். “வாடி, ஒரு கை குறைவாத்தான் இருந்துச்சு” என்றதோடு சரி, அக்கா வேறெதுவும் கேட்கவில்லை. ஏழு மாசம் போயிற்று.

அந்தக் கடையின் ஃபிரீசரும் அதே கம்பெனிச் சரக்குதான். வாங்கும்போதே இவள் சண்டை போட்டாள். கதவில் திரை, திரையில் வானிலை, பாட்டு, நாள்காட்டி. “ஐஸ் வைக்கிற பெட்டிக்கு வானிலை எதுக்குப்பா? உள்ள எப்பவும் ஒரே வானிலைதானே” என்று அதை விற்ற கடைக்காரரிடம் கேட்டாள். “சாதா மாடல் இப்ப யாருக்குமே தர்றதில்லைம்மா” என்றார் அவர். கம்பெனிக் கிடங்கில் சாதா மாடல் வரிசையாகத் தூங்குவது இவளுக்குத் தெரியும். திரை வைத்ததை விற்பதற்காகவே அதைப் பூட்டி வைத்திருந்தார்கள். வேறு வழியில்லாமல் திரை வைத்ததையே வாங்கினார்கள்.

ஒரு காலையில் கடையைத் திறந்தால் அந்தத் திரையில் பாட்டும் இல்லை, வானிலையும் இல்லை. ‘மென்பொருள் புதுப்பிக்கப்பட்டது. உங்கள் ஆழ்குளிர் சேவை முடிவடைந்தது. தொடர்ந்து உறைய வைக்கச் சந்தா செலுத்தவும்’ என்று எழுதியிருந்தது. பெட்டியில் ஒரு பழுதும் இல்லை. கம்பெனிக்காரனே எங்கோ உட்கார்ந்துகொண்டு நிறுத்திவிட்டிருக்கிறான். அச்சுகளில் ஐஸ் வியர்க்க ஆரம்பித்திருந்தது.

“போனைப் போடுடி உன் கம்பெனிக்கு” என்றாள் அக்கா.

“நீ போடு. எனக்கு அந்த நம்பரைத் தொட்டாலே கை எரியும்.”

அக்கா போட்டாள். ஸ்பீக்கரில் வைத்தாள். இரண்டு தடவை மணி அடித்ததும் ஒரு குரல் எடுத்தது. “வணக்கம்மா. இந்த அழைப்பு பயிற்சிக்காகப் பதிவு செய்யப்படுகிறது. மூச்சு வாங்குது போல இருக்கே? முதல்ல ஒரு வாய் தண்ணி குடிங்க. நான் எங்கேயும் போகல, இங்கேயேதான் இருக்கேன்.”

அக்கா போனைப் பார்த்தாள். தங்கையைப் பார்த்தாள். “ஏய், இது நீதானே?”

“நான் இங்க நிக்கறேன்.”

“அதான் கேக்கறேன். அங்கேயும் நீதானே பேசற?”

அந்த ‘ஒரு வாய் தண்ணி’ அவளுடையது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், ஆறு மாடி ஏறி வந்து மூச்சிரைக்க ஒருவர் புகார் சொன்னபோது வாயில் தானாக வந்தது. தாளில் எழுதிக் கொடுத்ததல்ல, யாரும் கற்றுத் தந்ததல்ல. இழுக்கிற இழுப்பு, நடுவில் விடுகிற ‘ம்ம்’, எல்லாம் அப்படியே அவள். யாருக்குப் பயிற்சி என்று இப்போது தெரிந்துவிட்டது. பதினோரு வருஷம் தன் வாயாலேயே சொல்லிச் சொல்லித் தன்னைக் கொடுத்திருக்கிறாள்.

“கவலைப்படாதீங்கம்மா, பாக்கறேன்” என்றது குரல். அந்தக் ‘கவலை’யில் ஒரு சின்ன விரிசல் இருந்தது.

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். “அம்மா போனப்ப உன் குரல் இப்படித்தான்டி இருந்துச்சு.”

அம்மா செத்த நாலாம் நாள் இவளுக்கு லீவு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அழுது அழுது கம்மிய தொண்டையோடு போய் உட்கார்ந்து இரண்டு வாரம் போன் எடுத்தாள். அந்த இரண்டு வாரமும் ஜனங்கள் இன்னும் அதிகமாக நட்சத்திரம் போட்டார்கள். அதையும் விடாமல் எடுத்து டப்பாவுக்குள் போட்டிருக்கிறான் பாவி. அவள் அம்மாவுக்கு அழுத அழுகையை வைத்து ஃபிரீசர்ச் சந்தா விற்கிறான். அந்த நிமிஷம் அவளுக்குள் ஒன்று முடிவாகிவிட்டது. அந்தக் குரல் அங்கே இருக்கக் கூடாது. எப்பாடு பட்டாவது அதை வெளியே இழுத்துப் போட வேண்டும்.

அதற்குள் குரல் முதல் தடவை மறுத்தது. அக்கா மறுபடி கேட்டாள். இரண்டாம் தடவை மறுத்தது. அக்கா, “ஏம்மா, வெயில் காலத்துல ஐஸ் கடைக்காரி வயித்துல அடிக்கறீங்களே” என்றாள். “இதற்கு மேல் எங்களால் எதுவும் செய்ய முடியாது” என்றது, தங்கையின் குரலில். அக்கா வெறுத்துப்போய் போனை மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்தாள். உருகுகிற தட்டுகளைப் பக்கத்துப் பேக்கரிப் பெட்டிக்கு மாற்றுகிற அவசரம். வைக்கவும் மறந்துபோனாள். பின்னறையில் தட்டு உரசுகிற சத்தம் மட்டும்தான்.

போன் பேசாமல் கிடந்தது. பிறகு, “சரி, விடுங்க, அழாதீங்க. புதுசு அனுப்பி வைக்கிறேன்” என்றது.

அக்கா தட்டோடு வாசலில் நின்றாள். “யாருடி அழுதா?”

இவள் ஒரு தடவை வாய்விட்டுச் சிரித்தாள். ஏழு மாசத்தில் அதுதான் முதல் சிரிப்பு. எந்தப் போனுக்கு நட்சத்திரம் அதிகம் என்று மட்டும் பார்த்து அந்த ஏ.ஐ.க்குள் அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள். ஏன் அதிகம் என்று ஒருத்தனும் உட்கார்ந்து கேட்கவில்லை. மறுப்பையும் அவளிடமே கற்றிருக்கிறது, மறுத்த பிறகு மனசு இளகுவதையும் அவளிடமே கற்றிருக்கிறது. மூச்சுக்கும் தட்டுச் சத்தத்துக்கும் அதற்கு வித்தியாசம் தெரியவில்லை.

“எந்த மாடல் அனுப்பட்டும்மா?” என்று கேட்டது குரல்.

இவள் மேசையருகே குனிந்தாள். “திரை இல்லாதது. கிடங்குல மூணாவது வரிசையில இருக்கும்.” தன் குரலுக்குத் தானே பதில் சொன்னது அருவருப்பாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் வேனில் வந்து இறங்கியது சாதா ஃபிரீசர். ஒரு குமிழ், ஒரு சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். அக்கா அதைக் கன்றுக்குட்டி மாதிரி தடவிக் கொடுத்தாள்.

அக்காவுக்கு அதோடு விஷயம் தீர்ந்தது. இவளுக்கு அப்போதுதான் ஆரம்பம். முதலில் நியாயமாகவே கேட்டாள். என் குரலை எடுத்துவிடுங்கள் என்று எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். ‘உங்கள் ஆதங்கம் எங்களுக்குப் புரிகிறது. பணியில் சேரும்போது நீங்கள் கையெழுத்திட்ட பதினான்காம் விதிப்படி பதிவுகள் அனைத்தும் நிறுவனத்தின் சொத்து’ என்று பதில் வந்தது. அந்த ‘ஆதங்கம் புரிகிறது’ கூட அவளிடமிருந்து எடுத்ததுதான். கடிதத்தை நாலாக மடித்து அடுப்படி அலமாரியில் செருகினாள். ‘நான் கேட்டு நீ தரல. நீயே கையெடுத்துக் கும்பிட்டு வெளியே தள்ளுவ, இரு’ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

பழைய தோழிகள் பதினெட்டுப் பேருக்கும் ஒவ்வொருத்தியாகப் போன் போட்டாள். “மூணு தடவை கேளுங்க. மூணாவது ‘முடியாது’க்கு அப்புறம் வாயைத் திறக்காதீங்க. போனை வைக்கவும் கூடாது. எந்த மாடல்னு கேட்டா திரை இல்லாததுன்னு சொல்லுங்க. உங்க தெருவுல யார் யார் சாமானை அவன் நிறுத்தி வச்சிருக்கானோ அவங்களுக்கெல்லாம் சொல்லுங்க.”

ஒருத்தி தன் தம்பிக்கு ஒரு டிவியும் சேர்த்து வாங்கலாமா என்று இழுத்தாள். “ஓடற டிவிக்கு எதுக்கு? அவன் பிடுங்கினதைத்தான் திருப்பிப் பிடுங்கறோம். அதுக்கு மேல ஒரு ஆணி கூட நமக்கு வேண்டாம்” என்று இவள் கறாராகச் சொல்லிவிட்டாள். அந்த விஷயத்தில் அவள் கை சுத்தம். ஒருவேளை அதனால்தான் அவ்வளவு வேகமாகப் பரவியது. சாமான் நின்றுபோய்த் திண்டாடுகிறவர்கள் ஊரில் அத்தனை பேர் இருந்தார்கள்.

புருஷனுக்கு இப்படி ஒரு வேலை வந்ததில் ஏகக் குஷி. டிப்போவில் டிரைவர், கண்டக்டர் எல்லாருக்கும் சொல்லிவிட்டார். ஊரின் எல்லா ரூட்டிலும் செய்தி பஸ் ஏறிப் போயிற்று. கம்பெனி நிறுத்திவிட்ட தங்கள் வீட்டு வாஷிங் மெஷினுக்குத் தானே பேசுகிறேன் என்று ஒரு நாள் போன் போட்டார். மனுஷனால் பேசாமல் இருக்க முடியவில்லை. நாலு தடவை கெட்டுப்போய் ஐந்தாம் தடவை வாயைக் கையால் பொத்திக்கொண்டு ஜெயித்தார். வைத்துவிட்டு இவள் பக்கம் திரும்பினார்.

“நல்லாத்தான் பேசுது. என்கிட்ட நீ கடைசியா ஒரு வாய் தண்ணி குடிங்கன்னு எப்ப சொன்ன?” என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். இவளுக்குச் சுருக்கென்றது. பதினோரு வருஷம் நாள் பூராவும் ஊருக்குப் பேசிவிட்டு வீட்டுக்கு வந்து வாயை மூடிக்கொண்டவள் அவள். மிச்சம் இருந்ததையும் கம்பெனிக்காரன் கொண்டுபோய்விட்டான். அன்றைக்கு இன்னும் முப்பது பேருக்குச் சொன்னாள்.

வேன்கள் வந்தபடி இருந்தன. ஒரே தெருவில் மூன்று, நாலு என்று சாதா ஃபிரிட்ஜும் சாதா வாஷிங் மெஷினும் இறங்கின. லாரிப் பிரிவுக்காரர்கள், எங்கள் வண்டியில் இத்தனை சேதமா என்று கம்பெனியோடு மல்லுக்கு நின்றதாகத் தோழி ஒருத்தி செய்தி கொண்டு வந்தாள். கிடங்கில் மூன்றாவது வரிசை காலி, இரண்டாவது வரிசை காலி. கேட்கக் கேட்க இவளுக்கு வயிறு குளிர்ந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை.

ஆறாவது வாரம், காலை பத்து மணிக்குத் தலையாட்டி ஐஸ் கடைக்கு வந்தார். சட்டை கசங்கியிருந்தது. பின்னறையில் அச்சு கழுவிக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அக்கா கடை வாசலுக்குப் போய் நின்றுகொண்டாள்.

“நல்லா இருக்கீங்களாம்மா?” என்றார்.

“விஷயத்துக்கு வாங்க சார்.”

“அந்த ஏ.ஐ. கேக்கறவங்களுக்கெல்லாம் மாத்துச் சாமான் தூக்கிக் கொடுக்குது. இன்ஜினியருங்க மண்டையை உடைச்சுக்கிட்டாங்க, ஏன்னு தெரியல. எல்லாம் உங்க போன்லேர்ந்து கத்துக்கிட்டதுன்னு மட்டும் தெரியுது.”

“அந்தப் பழக்கத்தை மட்டும் எடுத்துடுங்களேன்.”

“எடுக்க முடியாதாம்மா. பால்ல கரைஞ்ச சர்க்கரை மாதிரியாம். நீங்களே வந்து, அதே குரல்ல, எப்படி உறுதியா மறுக்கறதுன்னு ஒரு மாசம் பேசிக் கொடுத்தீங்கன்னா சரியாயிடும்ங்கறாங்க. பழைய சம்பளம் மாதிரி ரெண்டு மடங்கு. தனி அறை.”

“நான் வரலைன்னா?”

அவர் தரையைப் பார்த்தார். “மொத்தத்தையும் அழிச்சுட்டு வேற குரல் போடணும். ரெண்டு வருஷ வேலை வீணாப் போயிரும். ஏ.ஐ. போடற யோசனையைச் சொன்னதே நான்தான். உங்க போனை எடுத்துப் போடுங்கன்னு சொன்னதும் நான்தான். அதனால என் வேலையும் போயிரும். ரெண்டு பிள்ளைங்க படிக்குதும்மா.”

கையில் வந்து விழுந்துவிட்டது. ஆறு வாரமாக எதற்காக நின்றாளோ அது அந்த மனுஷன் வாயாலேயே வந்துவிட்டது: வேற குரல் போடணும். இனி அவள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. மறுத்தால் மட்டும் போதும்.

“வருந்துகிறேன் சார். என்னோட காலம் முடிந்துவிட்டது” என்றாள்.

“அப்படிச் சொல்லாதீங்கம்மா. எவ்வளவு நாள் பழக்கம். எனக்காகவாவது.”

“உங்கள் நிலைமை புரிகிறது. ஆனாலும் விதிமுறை இடம் தராது.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். எங்கேயிருந்து பேசுகிறாள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அந்தத் தாளை அச்சடித்து ஒட்டச் சொன்னதே அவர்தான். ஆனாலும் கேட்டார். “கால்ல விழச் சொல்றீங்களா? விழறேன்.”

“இதற்கு மேல் என்னால் எதுவும் செய்ய முடியாது.”

தலையாட்டி பேசவில்லை. தலையையும் ஆட்டவில்லை. ஸ்டூலில் இரண்டு கைகளையும் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். மூச்சு மட்டும் கேட்டது.

இந்த இடம் அவளுக்குத் தெரிந்த இடம். பதினோரு வருஷத்தில் ஒரு தடவை கூட இந்த இடத்தைத் தாண்டி அவள் போனதில்லை. தன்னையறியாமல் மனசு எண்ண ஆரம்பித்தது. ஏழு, எட்டு என்று வந்தபோதே நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டு ‘சரி’ என்று சொல்லத் தயாரானது. பத்து வந்தது. அவள் பல்லைக் கடித்தாள். அம்மா செத்த நாலாம் நாள், லீவு இல்லை என்று சொன்னபோது தானும் இதே மாதிரிதான் அவர் மேசைக்கு முன்னால் பேசாமல் நின்றது நினைவு வந்தது. அவர் அப்போது எண்ணவே இல்லை. கோப்பை மூடிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பதினொன்று. பன்னிரண்டு. எண்ணிக்கொண்டே போனாள். நாற்பதுக்குப் பக்கத்தில் ஸ்டூல் உரசியது. அவர் எழுந்துவிட்டார்.

“ஒரு டம்ளர் தண்ணி கிடைக்குமா?” என்று கேட்டார்.

மொண்டு கொடுத்தாள். அவர் குடிக்கிற வரை பேசாமல் நின்றாள். டம்ளரை வாங்கிக் கழுவுகிற தொட்டியில் போட்டாள். அவர் படி இறங்கித் தெருமுனை திரும்புகிற வரை அக்கா வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பாவமா இல்லையாடி உனக்கு?” என்றாள் அக்கா.

“இருக்கு. இருந்துட்டுப் போகட்டும்.”

அடுத்த ஒன்பது நாளும் காலையில் ஒரு தடவை அந்த நம்பருக்குப் போன் போட்டுப் பார்த்தாள். எட்டு நாள் அவளேதான் எடுத்தாள். ஒன்பதாம் நாள் வேறு ஏதோ எடுத்தது. வழவழவென்று, எந்த வீட்டிலும் பிறக்காத ஒரு குரல். தண்ணி குடிங்க என்று சொல்லவில்லை. இவள் போனை வைத்தாள். பின்னறைக்குப் போய்ப் பாலைக் கிளறினாள். இத்தனை நாளும் ஊரெல்லாம் அலைந்துவிட்டு இப்போதுதான் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியது போல இருந்தது.

அன்று மத்தியானம் கடைக்கு ஒரு பெண் வந்தாள். நாலு தெரு தள்ளித் துணி தைக்கிறவளாம். ஐஸ் வாங்க வரவில்லை. காதில் போனை வைத்தபடியே வந்து, பிறகு அதை இறக்கிப் பார்த்தாள்.

“இங்கதான் கேக்கச் சொன்னாங்க. என் வாஷிங் மெஷினை நிறுத்திட்டான்க்கா. இடுப்பு ஆபரேஷன் பண்ணினவ நான், குனிஞ்சு துவைக்க முடியாது. மூணு தடவை கேட்டுட்டுப் பேசாம இருன்னு சொன்னாங்க. இருந்தேன். கட் பண்ணிட்டான்” என்றாள். “யாரோ ஒரு அம்மா எடுப்பாங்க, தண்ணி குடிக்கச் சொல்வாங்க, அழாதேம்பாங்கன்னு எங்க தெருவே சொல்லுச்சு. இது அவங்க இல்ல. அவங்க எங்கக்கா?”

இவள் கரண்டியைப் பாத்திரத்தின் விளிம்பில் வைத்தாள். அந்தப் பெண்ணின் கையில் போன் திரை இன்னும் அணையவில்லை.

“அவங்க வேலையை விட்டுட்டாங்கம்மா.”

“ஐயோ. எப்ப?”

“இன்னைக்குக் காலையிலதான்” என்றாள்.